ரேஞ்ச்பைண்டர் கேமராவுக்கு எந்த ஸ்டாண்டர்டு லென்ஸ்?

செல்போனிலேயே நல்ல கேமரா வந்துவிட்ட பிறகு, பிலிம் கேமராவைப் பற்றி கம்ப்யூட்டர் இதழில் எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பிலிமில் எடுக்கும் படங்களை இன்று நாம் ஆல்பத்தில் ஒட்டிப் பார்ப்பதில்லை. ஸ்கேன் செய்து மானிட்டரில், அதுவும் 100 சதவிகிதம் பெரிதாக்கிப் பார்க்கிறோம். இந்த ஒரு மாற்றத்தால் பழைய லென்ஸ் கணக்குகள் சில மாறிப் போய்விட்டன. அது தெரியாமல் நான் ஒரு ரோல் பிலிமையும், பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காத சில படங்களையும் இழந்தேன்.

தாத்தாவின் சதாபிஷேகத்தில் நடந்தது அது. ரேஞ்ச்பைண்டர் கேமரா வாங்கிய புதிது. பழைய எப்/1.5 லென்ஸ் ஒன்றையும் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, ஆகவே பெரிய அபர்ச்சர் லென்ஸ்தான் சரி என்று நினைத்தேன். தாத்தா பாட்டி அருகில் ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, கண்ணில் கவனமாகப் போகஸ் வைத்து ஒரு ரோல் எடுத்தேன். ஸ்கேன் வந்தது. அம்மா மானிட்டரைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் காது மட்டும் பளிச்சுன்னு இருக்கேடா, முகம் எங்கே?" என்றார். உண்மைதான். அருகில் எடுத்த அத்தனை படத்திலும் காது மடலின் சுருக்கம் வரை தெளிவு, கண் மங்கல். தள்ளி நின்று எடுத்த குரூப் போட்டோக்கள் மட்டும் நன்றாக வந்திருந்தன.

தப்பு என் கையிலா, லென்ஸிலா, கேமராவிலா என்று தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அப்போது கற்றுக் கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கிறோம். போகஸ் தப்பாக இருந்தால் கண்ணுக்கே தெரிந்து விடும்.

ரேஞ்ச்பைண்டரில் அப்படி இல்லை. லென்ஸுக்கு மேலே தனியாக ஒரு ஜன்னல், அதுதான் வியூபைண்டர். அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு சிறிய ஜன்னல். இரண்டு ஜன்னலில் தெரியும் பிம்பங்களும் வியூபைண்டரின் நடுவில் ஒரு சிறு கட்டத்துக்குள் இரட்டையாகத் தெரியும். லென்ஸைத் திருப்பும்போது, அதன் பின்பக்கத்தில் உள்ள வளையம் கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையைத் தள்ளுகிறது. அந்த அசைவில் இரண்டாவது பிம்பம் நகர்ந்து முதல் பிம்பத்தோடு ஒன்று சேரும். சேர்ந்தால் போகஸ் சரி என்று அர்த்தம்.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் கண்ணை மூடிக் கொண்டு நம்பினேன். இரண்டு பிம்பமும் சேர்ந்தால், கேமரா தூரத்தைச் சரியாக அளந்துவிட்டது என்பது மட்டும்தான் உறுதி. அந்தத் தூரத்தில் லென்ஸ் உண்மையிலேயே போகஸ் ஆகியிருக்கிறதா என்பது கேமராவுக்குத் தெரியாது. நம் துறையில் சொல்வதானால், இரண்டு தனித்தனி புரோகிராம்கள் ஒரு இன்டர்பேஸ் வழியாகப் பேசிக் கொள்கின்றன. இரண்டும் தனியாகச் சரியாக ஓடலாம். இன்டர்பேஸில் அலகு மாறியிருந்தால் விடை தப்பாகத்தான் வரும்.

எனவே ரேஞ்ச்பைண்டருக்கு லென்ஸ் வாங்கும்போது, லென்ஸ் எவ்வளவு நல்லது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் கையில் இருக்கும் பாடியோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். கடையில் பலரும் கேட்காத கேள்வி இது.

ஸ்டாண்டர்டு என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

35 எம்.எம். பிலிமில் ஒரு பிரேமின் அளவு 36 × 24 மில்லிமீட்டர். அதன் குறுக்குக் கோடு 43.3 மி.மீ. அதை ஒட்டிய போகல் தூரம் உள்ள லென்ஸை ஸ்டாண்டர்டு என்பார்கள். நடைமுறையில் 50 மி.மீ. ஸ்டாண்டர்டு ஆனதற்குக் காரணம் லைக்கா. 1925ல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் 50 மி.மீ. எப்/3.5 லென்ஸ்தான் இருந்தது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதே வழியில் போனார்கள். புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸான் தன் பெரும்பாலான படங்களை 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார்.

இன்று ரேஞ்ச்பைண்டர் வைத்திருப்பவர்களில் பலர் 35 மி.மீ. லென்ஸைத்தான் ஸ்டாண்டர்டு என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 40 மி.மீ. ஒன்றும் இருக்கிறது. இவற்றில் எது வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்து விடலாம். 3 மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் அகலம் 2.16 மீட்டர், உயரம் 1.44 மீட்டர். 40 மி.மீ. லென்ஸில் அகலம் 2.7 மீட்டர். 35 மி.மீ. லென்ஸில் 3.09 மீட்டர், உயரம் 2.06 மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் உங்களுக்குக் கிடைப்பது 3 மீட்டரை ஒட்டிய தூரம்தான். அங்கே 50 மி.மீ. லென்ஸில் நான்கு பேர் அடங்குவார்கள். எட்டுப் பேர் வேண்டுமென்றால் 35 வேண்டும். அதே 35 மி.மீ. லென்ஸில் ஒருவர் முகத்தை மட்டும் எடுக்க மிக அருகில் போனால், மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். வீட்டு மனிதர்களைத்தான் அதிகம் எடுப்பேன் என்றால் 50. தெரு, கடைவீதி, கோயில் பிராகாரம் என்று சுற்றுபவர் என்றால் 35. இவ்வளவுதான் விஷயம். இதற்காக இரவெல்லாம் கண் விழித்துப் படிக்கத் தேவையில்லை.

முதலில் வியூபைண்டருக்குள் பாருங்கள்

ஆனால் உங்கள் பாடி இந்த முடிவை உங்களுக்கு முன்பே எடுத்திருக்கலாம். வியூபைண்டருக்குள் வெள்ளைக் கோடுகளால் ஒரு சட்டம் தெரியும். அதை பிரேம் லைன் என்பார்கள். படத்தில் எது விழும், எது விழாது என்பதை அந்தக் கோடுகள்தான் காட்டும். எந்தெந்த லென்ஸுக்குக் கோடுகள் உண்டு என்பது பாடிக்குப் பாடி மாறும்.

1954ல் வந்த லைக்கா எம்3ல் 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு மட்டுமே கோடுகள். அதன் வியூபைண்டர் உருப்பெருக்கம் 0.91. அதாவது உலகம் கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கென்றே செய்தது போன்ற கேமரா அது. இதில் 35 மி.மீ. லென்ஸைப் போட்டால் கோடு கிடையாது. தனியாக ஒரு வியூபைண்டர் வாங்கி மேலே மாட்ட வேண்டும், அல்லது முன்னால் கண்ணாடி இணைப்பு உள்ள விசேஷ லென்ஸ் வாங்க வேண்டும்.

1984ல் வந்து, 2022ல் மீண்டும் தயாரிப்புக்குத் திரும்பிய லைக்கா எம்6ல் 28, 35, 50, 75, 90, 135 என்று ஆறு கோடுகள் உண்டு. லென்ஸை மாட்டியதும் அதன் பின்பக்க அமைப்பு ஒரு நெம்பைத் தள்ளி, உரிய கோடுகளை ஜோடி ஜோடியாகக் கொண்டு வரும். உருப்பெருக்கம் 0.72. இங்கே 35, 50 இரண்டும் வசதி.

என்னைப் போலக் கண்ணாடி போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 0.72 வியூபைண்டரில் 50 மி.மீ. கோடுகள் நடுவில் அடக்கமாகத் தெரியும். 35 மி.மீ. கோடுகளின் மூலையைப் பார்க்கக் கண்ணைக் கொஞ்சம் உருட்ட வேண்டும். 28 மி.மீ. கோடுகள் எனக்குத் தெரிவதே இல்லை. கேனன் பி என்ற பழைய ஜப்பானிய கேமராவில் உருப்பெருக்கம் சரியாக 1. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் கொண்டே படம் எடுக்கலாம், உலகத்தின் மேல் ஒரு சட்டம் மிதப்பது போல இருக்கும். அருமையான அனுபவம். ஆனால் அதன் 35 மி.மீ. கோடுகள் வியூபைண்டரின் ஓரத்திலேயே ஒட்டிக் கொண்டிருப்பதால், கண்ணாடி போட்டவர்கள் அவற்றை மறந்து விடலாம்.

40 மி.மீ. லென்ஸுக்கு என்றே கோடு போட்ட பாடிகள் மிகச் சில. 1973ல் வந்த லைக்கா சி.எல்., அதன் பிறகு மினோல்டா சி.எல்.இ., வாய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர்3ஏ போன்றவை. மற்றபடி எம்6 போன்ற பாடியில் 40 மி.மீ. லென்ஸை மாட்டினால் 50 மி.மீ. கோடுகள்தான் வரும். படத்தில் நீங்கள் எதிர்பார்த்ததை விட அதிகமாக விழும். சிலர் லென்ஸின் பின்பக்க உலோகத்தை அரம் வைத்து ராவி, 35 மி.மீ. கோடுகள் வரும்படி செய்து கொள்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

சோவியத் ஜோர்க்கி-4, ஃபெட் போன்ற விலை குறைந்த கேமராக்கள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவற்றின் வியூபைண்டர் 50 மி.மீ. லென்ஸுக்கு மட்டும்தான். பேசாமல் 50 வாங்கிக் கொள்ளுங்கள்.

கோடுகளை நூறு சதவிகிதம் நம்பவும் வேண்டாம். அவை பெரும்பாலும் மிக அருகில் போகஸ் செய்யும் தூரத்துக்கு ஏற்ப வரையப்பட்டவை. தூரத்துக் கோபுரத்தை எடுக்கும்போது கோட்டுக்கு வெளியே உள்ளதும் படத்தில் விழும். ஓரத்தில் ஒரு மின்கம்பம் வந்துவிட்டதே என்று பிறகு வருத்தப்படாதீர்கள்.

எப்/1.5 தேவையா, எப்/2 போதுமா?

பணம் போவது இந்த இடத்தில்தான். லென்ஸ்களின் விலைப் பட்டியலைப் பார்த்தால், எப்/2லிருந்து எப்/1.4க்குப் போகும்போது விலை பல மடங்கு ஏறுவதைப் பார்ப்பீர்கள். கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்.

டியூப் லைட் எரியும் ஒரு சாதாரண வீட்டு அறையில் 400 ஐ.எஸ்.ஓ. பிலிமும் எப்/2ம் இருந்தால் ஷட்டர் வேகம் சுமார் 1/30 விநாடி கிடைக்கும். எப்/1.4ல் 1/60. ரேஞ்ச்பைண்டரில் எஸ்.எல்.ஆர். போல எகிறும் கண்ணாடி கிடையாது. எனவே கை நடுங்காமல் மூச்சைப் பிடித்தால் 1/30ல் நன்றாகவே எடுக்கலாம். இன்னும் வேண்டுமென்றால் டிரை-எக்ஸ், எச்.பி.5 பிளஸ் போன்ற கறுப்பு வெள்ளை பிலிம்களை 1600 ஐ.எஸ்.ஓ. என்று வைத்து எடுத்து, டெவலப் செய்பவரிடம் சொல்லிவிட்டால் இரண்டு ஸ்டாப் கிடைத்து விடும். முழு ரோலையும் அப்படியே எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரு ஸ்டாப்புக்காக லென்ஸில் பெரும் பணம் போடுவதை விட இது எவ்வளவோ மலிவு.

அபர்ச்சர் பெரிதானால் லென்ஸும் பருமனாகும். ரேஞ்ச்பைண்டரில் இதற்கு ஒரு தனித் தண்டனை உண்டு. பருமனான லென்ஸும் அதன் ஹூடும் வியூபைண்டரின் கீழ் வலது மூலையை மறைக்கும். எஸ்.எல்.ஆர்.காரர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது.

இதையெல்லாம் விட முக்கியமானது போகஸ் துல்லியம். கீழே உள்ள கணக்கை எக்ஸெலில் போட்டுப் பாருங்கள். எல்லா அளவும் மில்லிமீட்டரில். 0.03 × எப் எண் × தூரம் × தூரம், இதை போகல் தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை, நீங்கள் போகஸ் வைத்த இடத்திலிருந்து முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கும் என்பது. தோராயமான கணக்குதான், ஆனால் அருகில் எடுக்கும் படங்களுக்குப் போதும்.

ஒரு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. எப்/1.5 லென்ஸுக்கு 18 மி.மீ. வருகிறது. கண்ணுக்கு முன்னால் 18 மி.மீ., பின்னால் 18 மி.மீ. அவ்வளவுதான். எப்/2 என்றால் 24. 40 மி.மீ. எப்/1.4 என்றால் 26. 35 மி.மீ. எப்/2 என்றால் 49. சதாபிஷேகத்தன்று தாத்தா சிரித்துத் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்திருந்தாலே என் 18 மி.மீ. காலி.

இந்தக் கணக்கில் வரும் 0.03 என்ன? பிலிமில் ஒரு புள்ளி 0.03 மி.மீ. வட்டமாகப் பரவினாலும், சிறிய பிரிண்டில் அது நம் கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும் என்ற பழைய அனுமானம். நான்குக்கு ஆறு இன்ச் பிரிண்டுக்கு அது சரி. இப்போது கம்ப்யூட்டருக்கு வாருங்கள். 2400 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்ஸல் பிலிமில் சுமார் 0.0106 மி.மீ. ஆகவே அந்த 0.03 மி.மீ. வட்டம் கிட்டத்தட்ட மூன்று பிக்ஸல் அகலம். படத்தின் அகலம் சுமார் 3400 பிக்ஸல். சாதாரண 96 டி.பி.ஐ. மானிட்டரில் 100 சதவிகிதம் பார்ப்பது, 35 இன்ச் அகலப் பிரிண்டை இரண்டு அடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். மூன்று பிக்ஸல் மங்கல் பளிச்சென்று தெரியும். நான் 0.03க்குப் பதில் 0.015 போட்டுக் கணக்குப் பார்க்கிறேன். அப்போது அந்த 18 மி.மீ. 9 மி.மீ. ஆகிவிடுகிறது!

உங்கள் பாடியால் அளக்க முடியுமா?

9 மி.மீ. துல்லியத்தில் போகஸ் வைக்க லென்ஸ் தயார். பாடி தயாரா? இரண்டு ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தை பேஸ் என்பார்கள். அதை வியூபைண்டர் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவது எபெக்டிவ் பேஸ். இது எவ்வளவு நீளமோ அவ்வளவு நுணுக்கமாக அளக்கலாம். எம்3ல் சுமார் 62 மி.மீ., 2012 வரை தயாரான ஜெய்ஸ் ஐகானில் சுமார் 56, எம்6ல் சுமார் 50, பெஸ்ஸா ஆர்3ஏவில் 37, பெஸ்ஸா ஆர்2ஏவில் சுமார் 26, லைக்கா சி.எல்.லில் சுமார் 19.

தேவை எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நம் கண் பிரித்தறியும் கோணம் சுமார் 0.00029 ரேடியன். அதைப் போகல் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எப் எண்ணையும் 0.03ஐயும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 50 மி.மீ. எப்/1.5க்கு 16 மி.மீ. எப்/2க்கு 12. 40 மி.மீ. எப்/2க்கு 8 மி.மீ. கூட வேண்டாம். இதில் பொருளின் தூரம் வரவே இல்லை பாருங்கள். அருகில் எடுத்தாலும் தள்ளி எடுத்தாலும் தேவை ஒன்றுதான்.

16 தானே, எல்லா கேமராவும் பாஸ் என்று தோன்றும். மானிட்டருக்காக 0.015 போடுங்கள். எப்/1.5 லென்ஸுக்குத் தேவை 32 ஆகிவிடும். ஆர்2ஏ பெயில், சி.எல். பெயில், ஆர்3ஏ சொற்பத்தில் பாஸ். எப்/2 லென்ஸுக்கு 24. அதில் ஆர்2ஏ தப்பிக்கிறது. லைக்கா சி.எல்.லோடு 40 மி.மீ. எப்/2 லென்ஸைக் கொடுத்தவர்கள் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு 0.015 போட்டாலும் 16க்குள்தான் வரும், சி.எல்.லிடம் 19 இருக்கிறது. கேமரா சற்று அட்ஜஸ்ட்மெண்ட் விலகியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மவுண்ட் ஒன்றானாலும் அளவு ஒன்றல்ல

பழைய லைக்கா, கேனன், ஜோர்க்கி எல்லாவற்றிலும் 39 மி.மீ. திருகு மவுண்ட். எம்3 முதல் வந்தது எம் பயனெட் மவுண்ட். திருகு மவுண்டில் பிலிமுக்கும் மவுண்டுக்கும் உள்ள தூரம் 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8 மி.மீ. சரியாக 1 மி.மீ. வித்தியாசம். எனவே 1 மி.மீ. கனமுள்ள ஒரு வளையம் போட்டால் திருகு லென்ஸ் எம் பாடியில் உட்கார்ந்து விடும். லைக்காவின் தொலைநோக்கு இது. அடாப்டர் வாங்கும்போது 50 மி.மீ. கோடுகளைக் கொண்டு வரும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். மிகவும் மலிவான அடாப்டர் வேண்டாம். எப்/1.5ல் பிலிம் தளத்தில் உள்ள சலுகையே 0.045 மி.மீ.தான். வளையத்தின் கனம் அவ்வளவு தப்பினாலே போகஸ் கெடும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 50 மி.மீ. என்று எழுதியிருந்தாலும், லைக்கா தன் ரேஞ்ச்பைண்டரை 51.6 மி.மீ. என்ற உண்மையான போகல் தூரத்துக்கு அமைத்தது. போட்டியாளரான ஜெய்ஸின் காண்டாக்ஸ் 52.4 மி.மீ. என்று வைத்தது. சோவியத் ஜூபிடர் லென்ஸ்கள் காண்டாக்ஸின் சோன்னார் லென்ஸிலிருந்து பிறந்தவை. அந்த வகை லென்ஸை லைக்காவில் மாட்டினால் தூரத்துப் பொருள் சரியாக இருக்கும், அருகில் வர வர விலகும். இரண்டு அளவுகளின் வர்க்க விகிதம் 1.03. அதாவது ஒரு மீட்டரில் 3 செ.மீ. எப்/3.5ல் தெரியாது. எப்/1.5ல் காது தெரியும், கண் தெரியாது.

சோன்னார் வகையில் இன்னொரு குணமும் உண்டு. அபர்ச்சரைச் சிறிதாக்கும்போது போகஸ் தளமே கொஞ்சம் பின்னால் நகரும். புதிய ஜெய்ஸ் சி சோன்னார் 50 எப்/1.5லும் இது உண்டு. அழகான படம் தரும் லென்ஸ், சந்தேகமில்லை. ஆனால் முதல் லென்ஸாக வாங்குவதற்கு அல்ல.

என் லென்ஸ் எந்த கம்பெனி என்பதை நான் எழுதப் போவதில்லை. அறுபது வயதான லென்ஸ் அது. இடையில் எத்தனை பேர் கழற்றி மாட்டினார்களோ!

நான் வாங்கச் சொல்வது

எம் மவுண்ட் பாடி, பட்ஜெட் தாராளம் என்றால் லைக்கா சம்மிக்ரான் 50 எப்/2. வால்டர் மேண்ட்லர் வடிவமைத்து 1979ல் வந்த அதே டிசைன் பல பத்தாண்டுகள் மாறாமல் தயாரிக்கப்பட்டது. அது ஒன்றே போதும் அதன் தரத்துக்குச் சாட்சி. 0.7 மீட்டர் வரை அருகில் போகலாம், வியூபைண்டரையும் அதிகம் மறைக்காது. ஜெய்ஸ் பிளானார் 50 எப்/2 விலையில் குறைவு, தரத்தில் குறைவில்லை. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது அதைத்தான். 35 மி.மீ. வேண்டுவோர் ஜப்பானின் கொசினா தயாரிக்கும் வாய்க்லாண்டர் வரிசையில் எப்/2, எப்/2.5 லென்ஸ்களைப் பாருங்கள். கைக்கு அடக்கமானவை.

ஜோர்க்கி, ஃபெட் வைத்திருப்பவர்கள் ஜூபிடர்-8 50 எப்/2 அல்லது இன்டஸ்டார்-61 எப்/2.8 வாங்கலாம். தன் சொந்த ஊர் பாடியில் அவை ஒழுங்காகவே நடந்து கொள்ளும். பழைய லென்ஸ்கள் பல ஒரு மீட்டருக்குள் போகஸ் ஆகாது என்பது மட்டும் குறை.

பழைய லென்ஸ் எதுவானாலும் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். மாவு படிந்தது போல இருந்தால் பனிப்படலம், சிலந்தி வலை போல இருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை அதிகம். முன்பக்கத்தில் ஒன்றிரண்டு கீறல்கள் பெரிய குற்றமில்லை, பூஞ்சை உள்ளதைத் தொட வேண்டாம்.

பிலிம் செலவில்லாமல் சோதனை

டெவலப், ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் இன்று ஒரு ரோல் ஆயிரம் ரூபாயைத் தாண்டி விடுகிறது. அதனால் பிலிம் போடாமலே சோதித்து விடுங்கள். முதலில் கேமராவை மட்டும் பாருங்கள். லென்ஸை இன்பினிடியில் வைத்து, ஒரு கிலோமீட்டராவது தள்ளியுள்ள செல்போன் டவரைப் பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாடியை முதலில் மெக்கானிக்கிடம் கொடுங்கள், லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து, கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் உள்தண்டவாளங்களின் மேல் பளபளப்பில்லாத செல்லோடேப்பை இறுக்கமாக, சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். வெளித்தண்டவாளத்தில் ஒட்டினால் அளவு தப்பும். ஷட்டர் திரையை விரலால் தொட்டு விடாதீர்கள். கேமராவை டிரைபாடில் வைத்து, ஷட்டரை பி நிலையில் கேபிள் ரிலீஸ் போட்டுத் திறந்து வைத்தால், டேப்பின் மேல் படம் தலைகீழாகத் தெரியும். ஒரு மீட்டர் தூரத்தில் பாதி சாய்த்த நிலையில் ஒரு ஸ்கேலை வைத்து, அதன் 15 செ.மீ. கோட்டில் ரேஞ்ச்பைண்டரால் போகஸ் வையுங்கள். அபர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கட்டும். அறையை இருட்டாக்கி, ஸ்கேல் மேல் மட்டும் விளக்கு. இப்போது பூதக்கண்ணாடி வைத்து டேப்பைப் பாருங்கள். எந்தக் கோடு தெளிவாக இருக்கிறது? ஸ்கேல் சாய்ந்திருப்பதால், ஸ்கேலில் தெரியும் விலகலை விட உண்மையான விலகல் கொஞ்சம் குறைவு. 45 டிகிரி சாய்வு என்றால் 0.7ஆல் பெருக்குங்கள். அடிப்பக்கம் வழியாகப் பிலிம் போடும் பழைய திருகு மவுண்ட் லைக்காக்களில் மட்டும் இந்தச் சோதனை முடியாது.

இதே சோதனையை 1, 1.5, 3 மீட்டர் என்று மூன்று தூரத்தில் செய்து, விடையைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி லென்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்து விடலாம். என் பழைய எப்/1.5 லென்ஸின் மூடிக்குள் "1 மீ. - 6 செ.மீ. பின்னால்" என்று ஒட்டியிருக்கிறது. அதை இப்போது எப்/5.6க்குக் கீழே திறப்பதில்லை, குரூப் போட்டோவுக்கு மட்டும் எடுத்துப் போகிறேன்.